சீழ் டாக்டரும் செத்துப்போன காவல்காரர்களும்

சீழைக் கண்டு முகம் மலர்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரிடம் வேலை பார்க்கும் பாக்கியம், அல்லது பாவம், எனக்கு வாய்த்தது. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில், ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் நான். டாக்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் மலை முழுக்க 'சீழ் டாக்டர்' என்றால்தான் தெரியும்.

மற்ற டாக்டர்கள் கட்டியைக் கீறும்போது மூக்கைச் சுளிப்பார்கள். இவர் குனிந்து பார்த்து, "ஆகா! என்ன கெட்டி, என்ன நிறம்!" என்பார், பந்தியில் பாயசம் வந்ததுபோல. அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துவிடுவார். நோயாளி தன் சீழைத் தானே பார்த்தால்தான் கட்டு. சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சு. அவருக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் தயிர்ச்சோறு என் தொண்டையில் இறங்கியதில்லை.

ஒருநாள் குண்டனி நாட்டிலிருந்து சடையன் வந்தான். மிளகு போடுகிற விவசாயி. உட்காரும் இடத்தில் கட்டி. அத்தனை மேடும் பள்ளமும் நடந்தே வந்தவனிடம் நான் வாய் தவறி, "உக்காருப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. டாக்டர் கட்டியைக் கீறி முடித்து, அவனை நிற்க வைத்தே மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"புள்ளி புள்ளியா தெரியுதே, அது கிருமி. பக்கத்துல பெருசா இருக்கறது வெள்ளையணு. உன் ரத்தத்துல ரோந்து சுத்தற காவக்காரன்."

"கிருமி வந்தது அவுங்களுக்கு எப்பிடித் தெரியுமுங்க? கண்ணு இருக்குதுங்களா?"

"கண்ணு எதுக்கு? வாடை போதும். கிருமி நுழைஞ்ச இடத்துலேருந்து ஒரு வாடை கிளம்பும். ரத்தத்தோட ஓடிக்கிட்டிருக்கறவன் சட்டுனு நிப்பான். ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒட்டிக்குவான். சந்து பார்த்து உடம்பை நெளிச்சு வெளியே வந்துடுவான். அதான் வீக்கம், அதான் சூடு. வாடை எங்கே ஜாஸ்தியோ அங்கே போய், கிருமியை அப்படியே முழுங்கிடுவான்!"

"பச்சையாவேங்களா?"

டாக்டர் சொக்கிப்போனார். "அப்படிக் கேளு! ரத்தத்துல ஒரு மசாலா இருக்கு. அது கிருமி மேல படிஞ்சா இவன் இன்னும் ருசிச்சுத் தின்பான். நீ கறிக்கு மிளகு போடற மாதிரி."

"தின்னுபோட்டு?"

"தின்னு தின்னு செத்துப்போவான். இந்தச் சீழ் பூராவும் உனக்காகச் செத்தவங்கதான்."

இதை அவர் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மண்டையில் ஏற்றிக்கொண்டவன் சடையன் ஒருவன்தான். சீழ்த்துணி கிடந்த வாளியை நான் எடுத்துக்கொண்டு கிளம்ப, அவன் வழியை மறித்தான்.

"ஏனுங்க, எனக்காவச் செத்தவங்களைக் குப்பையிலீங்களா போடறது?"

பயிர்க்காட்டுக் காவலில் செத்தவனைப் புதைத்து, தலைமாட்டில் கல் நட்டு, சாமைக்கஞ்சி ஊற்றுவது அவன் ஊர் வழக்கம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி வெட்டினான். துணியைப் புதைத்துக் கல் நட்டான். கூட வந்த அவன் மனைவி, முறைக்கு என்று கொஞ்சம் அழவும் செய்தாள். டாக்டர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

செய்தி மலை முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு கட்டி என்றால் கருமாதி. ஒரு நகச்சுற்றுக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் திரண்டு வந்தார்கள். டாக்டர் ஒரு சாவையும் தவறவிடவில்லை.

"ஏனுங்க டாக்டர், இது ஆஸ்பத்திரிங்களா, சுடுகாடுங்களா?" என்றேன்.

"மரியாதைப்பா, மரியாதை" என்றார். சீழ்த்துணியைப் புதைத்ததில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஈ குறைந்தது என்னவோ உண்மை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பிரசங்கம் இருக்கும்.

அப்புறம்தான் அந்த மழைக்காலம் வந்தது. ஒரு புண்ணைக் கீறும்போது கத்தி வழுக்கி டாக்டரின் வலது உள்ளங்கையில் பட்டது. கை பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. மணிக்கட்டிலிருந்து மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறத் தொடங்கியது. கிருமியைக் கொல்லும் ஊசி எதுவும் எங்களை எட்டாத காலம். அந்தக் கோடு ஏறினால் ஆள் பிழைப்பது கடினம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தூளி கட்டிக் கீழே இறக்கலாம் என்றால், மழையில் பாதை சரிந்து கிடந்தது.

"கீறிடலாமுங்க" என்றேன்.

"இருப்பா. கூட்டம் சேர்ந்துக்கிட்டிருக்கு. அவங்க பார்த்துக்குவாங்க." பல் கிடுகிடுக்க, இந்நேரம் யார் எந்தச் சந்தில் நுழைகிறான் என்று எனக்கு வர்ணனை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். மேலதிகாரியின் கையை அவர் சம்மதம் இல்லாமல் கீறவும் தைரியம் இல்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

சேதி கேட்டு நனைந்துகொண்டே வந்த சடையன் என் முகத்தைப் பார்த்தான். நேராக உள்ளே போனான்.

"ஏனுங்க சாமி, காட்டுல பன்னி எறங்குனா காவக்காரன் சத்தம் போடுவானுங்க. அவன் பாத்துக்குவான்னு ஊரு தூங்குமுங்களா? எந்திரிச்சு ஓடோணுமுங்களா, வேண்டாமுங்களா?"

டாக்டர் வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருக்கறவிங்க உங்களுக்காவ செத்துக்கிட்டிருக்காங்க. வெளிய இருக்கற நாங்க வேடிக்கை பாக்கறதுங்களா?"

டாக்டர் கையை மேஜைமேல் வைத்து, "கீறுப்பா" என்றார்.

எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று அவரே சொல்லச் சொல்ல, கீறினேன். பீறிட்டு வந்தது. "ஆகா!" என்று ஆரம்பித்தவர் பாதியில் மயங்கிவிட்டார்.

மறுநாள் விடியும்போது காய்ச்சல் இறங்கியிருந்தது. கோடு மங்கியிருந்தது. கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்லைடு எடுத்தியா?"

"எடுத்தேனுங்க. சாயமும் ஊத்தி வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அவருடைய இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. ஆனால் கை நின்றது. ஆள் நின்றார். காய்ச்சல் இறங்கிய அன்றைக்கு, மண்வெட்டியைச் சடையனிடம் கொடுக்காமல் டாக்டரின் சீழ்த்துணிக்கு நானே குழி வெட்டினேன். டாக்டர் கட்டுப்போட்ட கையோடு தள்ளாடி வந்து, இடது கையால் சாமைக்கஞ்சி ஊற்றினார். பழக்கமில்லாத கை, பாதிக் கஞ்சி என் காலில் கொட்டியது. கொட்டிவிட்டுப் போகட்டும், கொட்டுவதற்கு மனிதர் உயிரோடு இருக்கிறாரே என்று அப்படியே நின்றேன்.