எதிர்காலத்துக்குப் பொன்னாடை

ஆங்கிலம் பேசியவர்கள் உலகில் பலர். அதன் மூன்று காலங்களுக்கும் விழா எடுத்தவர்கள் இணுவிலில் நாங்கள் மட்டுமே. கனகலிங்கம் சேரின் ஆங்கில வகுப்புக்கு விழாக்குழுச் செயலாளராக இருக்கும் பெரும்பேறு என்னுடையது.

இறந்தகாலப் பாடம் தொடங்கிய அன்று மங்கள விளக்கேற்றினோம். வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் செந்தமிழில். நிகழ்காலம் முடிந்தபோது சேரைத் தவில், நாதஸ்வரத்துடன் ஒழுங்கை வழியே ஊர்வலமாக அழைத்துவந்து பொன்னாடை போர்த்தினோம். இடையில் கிடைத்த நேரத்தில் பாடமும் நடந்ததாகக் கேள்வி.

மிஞ்சியது எதிர்காலம். அதற்கு அவசரப்பட்டவள் கஜந்தினி ஒருத்திதான். கலியாணம் முடிந்த கையோடு கணவன் லண்டனுக்குத் திரும்பிவிட்டான். ஆங்கிலப் பேச்சுச் சோதனையில் சித்தியடைந்தால்தான் இவளுக்கு விசா. சோதனை திங்கட்கிழமை, கொழும்பில்.

“சேர், லண்டன் போய் என்ன செய்வாய் எண்டு கேப்பினமாம். எதிர்காலம் எப்ப படிப்பிப்பியள்?”

“பிள்ளை, அதைச் சும்மா தொடங்க ஏலுமே? பிரதம விருந்தினர் கனடாவிலையிருந்து சனிக்கிழமை வாறார்.”

“எனக்கு ஒரு மணித்தியாலம் போதும், சேர்.”

“ஒரு மணித்தியாலத்திலை வரவேற்புரையே முடியாது!”

என்ன தீர்க்கதரிசனம்! அப்படியேதான் நடந்தது.

சனிக்கிழமை விழா ‘வெகு விமரிசை’. கஜந்தினிக்குச் சேர் பெரும் பொறுப்பொன்றைக் கொடுத்தார்: வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது. பிரதம விருந்தினர் தாம் கனடாவில் பனி வழித்த வரலாற்றைப் பொழுதுபடும்வரை எடுத்துரைத்தார். பாடம் ‘பிறிதொரு தினத்துக்கு’ ஒத்திவைக்கப்பட்டது.

லண்டன் போய் என்ன செய்வாய் என்று கொழும்பில் கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. விசாவும் இல்லை. கணவன் போன் எடுப்பதும் குறைந்துவிட்டதாம். நன்றி கெட்ட ஊர், எங்களைக் குறை சொன்னது. உடனே விழாக்குழுவைக் கூட்டித் தக்க பரிகாரம் கண்டோம்: கஜந்தினிக்கு ‘முயற்சித் திலகம்’ பட்டமளிப்பு விழா!

மேடையில் சேர் போர்த்திய பொன்னாடையை அவள் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“என்ரை மனுசன்ரை முகத்தை நான் போனிலைதான் பாக்கிறன். இனி அதுவும் இருக்குமோ தெரியாது. நீங்கள் எனக்குப் பட்டம் தாறியள். உங்களுக்கு வெக்கமா இல்லையே?”

சேர் நிதானம் இழக்கவில்லை.

“பிள்ளை, இது இங்கிலிஷ் வகுப்பு மேடை. இங்கிலிஷிலை கதைக்கவேணும்.”

“படிப்பிச்சிருந்தால் கதைச்சிருப்பன், சேர்.”