தாலிச்சரடும் என் மூத்திரப்பையும்

எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஒரு பெண் தன் உடம்பிலுள்ள எந்த நோயையும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லலாம். சுகர், பிரஷர், தைராய்டு, கர்ப்பப்பையை எடுத்தது, எடுத்தது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது வரைக்கும் சொல்லலாம். அவளும் தன்னுடையதைச் சொல்வாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் மூத்திரத்தை அடக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அது நோய் இல்லையாம், மானக்கேடாம். நானும் அப்படி நம்பித்தான் ஆறேழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். (நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான் என்பார் என் வீட்டுக்காரர்.) அந்த மானத்தைக் கடைசியில் ஒரு ஆடிட்டோரியம் நிறைய ஆள் கூட்டி, மைக் வைத்து, நானே ஏலம் போட்டேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பிடித்த வினை அது. வந்தால் உடனே போக வேண்டும். உடனே என்றால் அந்த நிமிஷமே. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வரும். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தால் வரும். செருப்போடு உள்ளே ஓடுவேன். சில நாள் நான் ஜெயிப்பேன், சில நாள் அது ஜெயிக்கும். அமரவிளையில் எந்தக் கடைக்காரி முகத்தைச் சுளிக்காமல் பாத்ரூம் சாவியைத் தருவாள் என்பது எனக்கு மனப்பாடம். கொல்லயில் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போய், அழுவதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று கேட்டவள் நான். செத்தவரின் மகள் அழுகையை நிறுத்திவிட்டு வழி காட்டினாள்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். மூத்திரத்தைப் பரிசோதித்து, சுகரும் பார்த்துவிட்டு, கிருமி ஒன்றும் இல்லை என்று சொல்லி நெய்யாற்றின்கரையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். வீட்டில் இடுப்பு வலிக்குச் சிகிச்சை என்று சொன்னேன். (இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு பெரிய பொய் இல்லை.) பிசியோதெரபிஸ்ட் லிஜி சின்னப் பெண். தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசினாள்.

"மூத்திரப்பைக்கு அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை உண்டு சேச்சி. ரெண்டு பிரசவத்துல அது தொய்ஞ்சு போச்சு. அதுக்குப் பலம் குடுக்கணும்."

காற்றை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், பிறகு விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றை எக்கக் கூடாது. நான் பிளவுஸ் தைப்பவள். மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே செய்தேன். அளவு கொடுக்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வராதபோதே எதற்கும் ஒருமுறை போய் வைக்கும் பழக்கத்தையும் லிஜி நிறுத்தச் சொன்னாள். சும்மா சும்மா போனால் பை அதையே பழகிக்கொள்ளுமாம்.

"பிறகு, வரும்போ ஓடல்லே சேச்சி. நின்ன எடத்துல நிக்கணும். வேகமா இறுக்கி விடணும், இறுக்கி விடணும். மனச வேற எதுலயாவது வைக்கணும். அது அலை மாதிரியாக்கும். எழும்பும், தாழும். தாழ்ந்த பிறகு பையப் போங்க."

மனதை வைக்க நான் எடுத்துக்கொண்டது பஸ் ஸ்டாப்புகள். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. பிறகு திரும்பி வர வேண்டும். சில வாரங்கள் கழித்து ஒருநாள் பூட்டைத் திறந்து, வாசலில் நின்று, மனதுக்குள் நெய்யாற்றின்கரை வரை போய்த் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்து உள்ளே போனேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் தம்பி அஜித்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்கு முன்னால் இரண்டு சம்பந்தம் கைகூடிவந்து முறிந்திருந்தன. இரண்டுக்கும் என் வாய்தான் காரணம் என்பது அம்மாவின் கட்சி. (ஒரு வீட்டில் பாயசத்துக்கு இனிப்புப் போதாது என்றேன். போதாதுதான்.) இந்த முறை பெண் தனுவச்சபுரத்துக்காரி, சந்தியா. அவளோடு பேசத் தொடங்கிய பிறகு அஜித் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இதுவும் முறிந்தால் அவன் தாங்க மாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கல்யாணக் கெட்டு நடக்கது வர நீ வாயத் தொறக்காத மக்கா. ஒன்னக் கும்பிடுகேன்."

லிஜியும் சொல்லியிருந்தாள். "கல்யாணத்தன்னிக்குப் பரீட்சை ஒண்ணும் வேண்டாம் சேச்சி. மேடையில ஏறுகதுக்கு முன்ன ஒருக்கப் போயிட்டு ஏறுங்க." சரி என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குத் திமிர். சாவியை ஜெயித்தவள் தாலியை ஜெயிக்க மாட்டேனா? பாத்ரூம் பக்கமே போகாமல், இரண்டு கப் காபியும் குடித்துவிட்டு மேடை ஏறினேன்.

எங்கள் முறைப்படி மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவான். மீதி இரண்டையும் நாத்தூன், அதாவது மாப்பிள்ளையின் சகோதரி, போட வேண்டும். நான் சந்தியாவுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் விறைப்பாக நின்றேன். பெண்ணின் அப்பா தாரை வார்க்கக் கிண்டியைச் சாய்த்தார். தண்ணீர் நூலாக இறங்கித் தட்டில் விழுந்தது. கல்யாணம் நடத்திவைத்த போற்றியின் மைக் அந்தச் சத்தத்தைப் பிடித்து ஆடிட்டோரியத்தின் அத்தனை ஸ்பீக்கரிலும் ஊற்றியது.

கெட்டிமேளம் முழங்கியது. பெண்கள் குரவையிட்டார்கள். அஜித் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுச் சரட்டின் இரண்டு முனையையும் என் கையில் கொடுத்தான். அப்போது வந்தது.

எந்தப் பக்கமும் அசைய முடியாது. நின்ற இடத்தில் நின்றேன். கண்ணை மூடினேன். இறுக்கி விடு, இறுக்கி விடு. உதடு தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை.

"எக்கா, கெட்டு" என்றான் அஜித்.

நெய்யாற்றின்கரை. திரும்பி அமரவிளை.

"எக்கா, என்னவாக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் வேறொன்றும் திறந்துவிடும் என்று பயந்தேன். முடிச்சு விழாமல் கெட்டிமேளத்தை நிறுத்தக் கூடாது என்பதால் நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கும் ஒரு அளவு உண்டு. மூச்சு முட்டி அவர் நிறுத்தினார். தவிலும் நின்றது. குரவை அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்த அமைதியில், மேடையில் நின்ற சரளா அம்மாயியின் குரல் கேட்டது. சந்தியாவின் தாய்மாமன் பெண்டாட்டி அவள்.

"அவ சரடப் பிடிச்சிட்டு என்னமோ ஓதுகா. அவளுக்க வாயப் பாருங்க."

சபையில் ஒரு சலசலப்பு. மந்திரவாதம், செய்வினை என்றால் எங்கள் ஊரில் எம்.ஏ. படித்தவனும் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வான். தாய்மாமன் முன்னால் வந்தார்.

"கெட்டு நிக்கட்டும். ஓதின சரடு எங்க பிள்ளைக்கு வேண்டாம். வேற சரடு கொண்டு வாங்க. இல்லெங்கி நாங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம்."

போற்றி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் முடியப் போகிறது. கண்ணைத் திறந்து பார்த்தால், அஜித்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் சந்தியாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்தேன். என் மானம் பெரிதா, தம்பியின் வாழ்க்கை பெரிதா என்று நின்று யோசிக்க நேரம் இல்லை.

"ஓதல்ல" என்றேன். "எனக்கு மூத்திரம் முட்டுது. அடக்கிட்டு நிக்கேன். ஒரு நிமிஷம் பொறுங்க."

போற்றியின் மைக் என் மூக்குக்கு நேராக இருந்தது. பின்கட்டில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கேட்டார்களாம்.

அப்போது சந்தியா திரும்பாமலே சொன்னாள்: "சரடு மாத்த வேண்டாம் மாமா. அவங்க சொன்னது பூரா பஸ் ஸ்டாப்பு. எனக்குக் கேட்டுது." அழவில்லை, அவள் அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அலை தாழ்ந்துவிட்டது. லிஜி சொன்னதுபோலவே தாழ்ந்தது. அடுத்த அலை எழும்புவதற்குள் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். மேளம் மறுபடி முழங்கியது. அஜித் மூச்சு விட்டான்.

ஆனால் அலை தாழ்ந்த செய்தியை யாரும் நம்பவில்லை. பெண்கள் மேடையில் ஏறி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"போயிட்டு வா மக்கா."

"இப்ப இல்ல."

"இனி என்ன நாணம். அதான் சொல்லியாச்சே."

நடுவில் வழி விட்டார்கள். ஓடக் கூடாது என்பது சட்டம், அதனால் பைய நடந்தேன். சபை மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. நான் பைய நடப்பதைப் பார்த்து, சேலையிலேயே கதை முடிந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வீடியோக்காரன் வேறு கொஞ்ச தூரம் கூடவே வந்தான்.

பாத்ரூம் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காத்து நின்றேன். கதவைத் திறந்துகொண்டு வந்தது சரளா அம்மாயி. என்னைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்தாள், கையை இரண்டு தடவை கழுவினாள்.

"நீ அந்த வாக்கச் சொன்ன ஒடனே எனக்குத் தாங்கல. ஓடியே வந்தேன்" என்றாள். பிறகு பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஓதினத எனக்கும் சொல்லித் தருவியா?"

அடுத்த வாரமே அவளை லிஜியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவிடம் இடுப்பு வலி என்று சொல்லியிருந்தாள்.

சில மாதம் கழித்துத் தாலியைச் சரட்டிலிருந்து பொன் சங்கிலிக்கு மாற்றும் நாள் வந்தது. அஜித் போட்ட முடிச்சு தொட்டதும் அவிழ்ந்தது. நான் போட்ட இரண்டும் நகத்துக்கும் அசையவில்லை, ஊக்குக்கும் அசையவில்லை. கடைசியில் சரளா அம்மாயி பல்லால் கடித்துத்தான் இளக்கினாள். இப்போது அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், சாப்பாட்டு மேசையில் யார் இருந்தாலும் சந்தியா அவனிடம் சொல்வது இதுதான்: "நீங்க போட்ட முடிச்சு அன்னைக்கே அவுந்தாச்சு. நாத்தூன் போட்ட ரெண்டுக்காகத்தான் நான் இந்த வீட்டுல இருக்கேன்."