பதினேழாம் நம்பர் போகாத வழி

இருபத்திரண்டு வருஷமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஒரே ரூட்டில் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மகத்தான தீர்மானத்துக்கு வந்தார். இன்று ரூட்டே கிடையாது. கால் போன போக்கில் நடக்கப் போகிறார். எவரும் பெல் அடித்து நிறுத்த முடியாது.

'தினமும் நடங்க' என்று டாக்டர் சொல்லி ஒரு மாசம் ஆகியிருந்தது. மனைவியும் மாசம் பூராவும் கெஞ்சிப் பார்த்தாள். பிரேக் மிதித்த காலுக்கு ஓய்வு வேண்டும் என்று மனுஷர் சோபாவை விட்டு அசையவில்லை. இன்றைக்கு அவள் வேறு மாதிரி பேசினாள்.

"பேசாம படுத்திருங்க. வெளிய போக வேணாம். உங்களால எல்லாம் நடக்க முடியாது."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரால முடியாது? எங்க என் செருப்பு?"

"அப்ப நானும் வரேன். வழி தெரியாம எங்கயாவது நிப்பீங்க."

"நானா? டிரைவர்டி நான்! பின்னாலயே வா. வாயைத் திறக்கக் கூடாது."

அவள் ஏற்கெனவே ஷூ போட்டிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில் வேறு. டிரைவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

தெருமுனை வருவதற்குள் அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"கடைத்தெருப் பக்கம் போலாங்க. தபால் ஆபீஸ் பக்கம் வேணாம், ஒரே மேடு."

தபால் ஆபீஸ் பக்கம் திரும்பினார். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. காட்டிக்கொள்ளவில்லை.

மரக்கடைக்குப் பின்னால் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"அந்த மண் பாதை வேணாங்க. நாய் இருக்கும்."

மண் பாதையில் இறங்கினார். நாய் இல்லை. கொஞ்ச தூரத்தில் கம்பி வேலி குறுக்கிட்டது.

"போதுங்க, இதுக்கு மேல வேணாம். திரும்பிடலாம்."

"வேலின்னு இருந்தா கேட்டுன்னு ஒண்ணு இருக்கும்!"

இருந்தது. 'சதுப்புநில இயற்கைக் காப்பகம்' என்று பலகை. உள்ளே ஆள் உயரத்துக்கு நாணல், நடுவே மரப்பலகைப் பாதை, அதற்கப்பால் தகதகவென்று தண்ணீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெருங்கூட்டம் பறவைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்து இறங்கின. டிரைவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். இந்த மரக்கடையை முன்பக்கமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தாண்டுகிறவர் அவர். பின்னால் இப்படி ஒரு உலகம் இருப்பது தெரியவே தெரியாது. ரூட் போர்டில் இல்லாத ஒன்றைத் தானே கண்டுபிடித்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

"பாத்தியா? யார் கண்டுபிடிச்சது?"

"நீங்கதாங்க."

"உன் பேச்சைக் கேட்டிருந்தா?"

"கடைத்தெருவுல நின்னிருப்போம்."

கேட்டை ஒட்டியிருந்த காவல் கூண்டிலிருந்து நரைத்த மீசைக் காவலாளி எட்டிப் பார்த்தார்.

"வாங்கம்மா! இவர்தானா? நேத்துதான் சொன்னீங்க, இன்னிக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களே!"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். தம்பதிகளுக்கான வருஷ பாஸ். அதில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டிரைவர், லைசென்ஸ் போட்டோவில் இருக்கும் அதே முறைப்போடு.

"எத்தனை தடவை 'வேணாம்' சொல்ல வேண்டி இருந்துச்சும்மா?"

"நாலே தடவைதாண்ணே."

டிரைவரின் காது சிவந்தது. அந்த வாசலிலேயே இரண்டாவது தீர்மானத்தை எடுத்தார். முதலாவதைவிட உறுதியானது.

"இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

"அதுதாங்க நல்லது," என்றாள் மனைவி, பாஸைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே. "நாளைக்கு நீங்க வரவே வேணாம்."

மறுநாள் டியூட்டி முடிந்ததும் டிரைவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. யூனிபாரத்தோடு நேராகக் காப்பகத்து வாசலில் போய் நிமிர்ந்து நின்றார்.

"பாஸ் எங்க சார்?" என்றார் காவலாளி.

அது மனைவியின் கைப்பையில் இருந்தது.