அத்தை காருக்கு மெருகு

"என்னங்க, பல்லு தேய்க்கறதுன்னா பாத்ரூம்ல தேய்க்கக் கூடாதா?" என்று சாந்தினி கேட்டபோது, லெட்சுமணன் மாமியாரின் காருக்குள் குனிந்து உட்கார்ந்து டாஷ்போர்டுக்குப் பற்பசை பூசிக்கொண்டிருந்தான்.

"பல்லு இல்ல சாந்தினி, மரம். மங்கிப் போச்சில்ல, அதுக்கு இதான் மருந்து. வீடியோல பாத்தேன்."

"அம்மா கார்ல கைய வெக்காதீங்கன்னு அப்பா அவ்ளோ தூரம் சொல்லிட்டுப் போனாரே?"

"அவரு அப்படிச் சொன்னதாலதான்லா வெக்கிறேன்."

அந்தக் கார் வெள்ளையம்மா டீச்சருடையது. தலைமையாசிரியையாக இருந்தவர், ஓய்வு பெற்ற கையோடு தமக்கென்று வாங்கிக்கொண்ட பழைய பென்ஸ். வெளியே வெள்ளை. உள்ளே டாஷ்போர்டிலும் கதவுகளிலும் கியரைச் சுற்றிலும் பழுப்பு வால்நட் மரம், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு. கணவர் ஜெயபாலனுக்கு அந்தக் காரை ஓட்ட அனுமதி உண்டு. உள்ளே சாப்பிடவும் தும்மவும் அனுமதி இல்லை.

இளைய மகளைப் பார்க்க இருவரும் பினாங்குக்குக் கிளம்பியபோது, தங்காக்கிலுள்ள தங்கள் வீட்டில் கூரையில்லாமல் கார் காயுமே என்று சொல்லி, ஜெயபாலன்தான் அதை மூவாருக்கு ஓட்டிவந்து மருமகன் வீட்டில் விட்டார். விட்டவர் சும்மா போகவில்லை. டாஷ்போர்டின்மேல் போர்த்தியிருந்த துண்டை விலக்கிக் காட்டினார். மரம் ஆவி படிந்த கண்ணாடிபோல வெளுத்துக் கிடந்தது.

"வெயில் பாத்த வேல மாப்ள. டீச்சர் பாத்தா மனசு ஒடைஞ்சிரும். ஆனா நீங்க இதத் தொட்டுறாதீங்க. ஃபர்னிச்சர் கம்பனில இருக்கறவரு, கை துறுதுறுங்கும், எனக்குத் தெரியும். வேணாம். இது உங்களால முடியாத வேல."

லெட்சுமணன் ஃபர்னிச்சர் கம்பெனியில் இருந்தது உண்மைதான். எந்த அலமாரி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று பார்ப்பது அவன் வேலை. மரத்தை அவன் பிளாஸ்டிக் உறையோடு மட்டுமே பார்த்திருக்கிறான். ஆனாலும் கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் "மரத் தொழில்" என்றுதான் சொல்வான். அப்படிப்பட்டவனிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டாரே மாமனார்!

பற்பசை காய்ந்தது. மங்கலாக இருந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருந்திருக்கின்றன. அவற்றிலெல்லாம் வெள்ளை புகுந்து, டாஷ்போர்டு இப்போது ஆறுகள் குறித்த வரைபடம்போல் இருந்தது. புதினா வாசம் வேறு.

அந்த நேரம் பார்த்து மாமனார் பினாங்கிலிருந்து கூப்பிட்டார்.

"கார் எப்படி இருக்கு மாப்ள? மரத்துல கைய கிய வெக்கலையே?"

"ஐயோ, இல்ல மாமா!"

"கொஞ்சம்கூடவா?"

"சத்தியமா இல்ல மாமா."

"ஓ... சரி, சரி" என்றார் ஜெயபாலன். அவர் குரல் ஏனோ சுருதி இறங்கிப்போனது. பினாங்கில் லைன் சரியில்லை போலும் என்று லெட்சுமணன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளைக் கோடுகளை எடுக்க உப்புத்தாள் வாங்கிவந்தான். லேசாகத் தேய்த்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தான். கோடு போனது. மங்கல் போனது. உள்ளிருந்து அழகான ரேகை எழுந்து வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. டாஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டி மூடியில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான். பழுப்பு காணாமல் போய், அடியில் பிஸ்கட் நிறத்தில் ஏதோ பல்லிளித்தது.

அது முழு மரமில்லை, அப்பளத்தைவிட மெல்லிய தோலை மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாந்தினி எட்டிப் பார்த்தாள். "அலமாக்! உச்சி மண்டையில வழுக்க விழுந்த மாதிரி இருக்கு."

லெட்சுமணன் தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் கம்பெனியில் சாயம் அடிக்கும் பிரிவில் கெஞ்சி, ஒரு டப்பாவில் வால்நட் சாயம் வாங்கிவந்தான். டப்பாவுக்குள் அது வால்நட்டாகத்தான் இருந்தது. மூடியில் பூசியதும் மங்குஸ்தான் தோல் நிறத்துக்கு மாறியது.

"ஒரு எடம் மட்டும் ஊதாவா இருந்தாத்தானே தெரியும்? எல்லா எடமும் ஊதாவா இருந்தா?" என்றான்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள் சாந்தினி.

அவன் கேட்கவில்லை. கதவு, கியர் என்று ஓர் இடம் விடாமல் பூசினான். அதன்மேல் பளபளப்புக்காக வார்னிஷ் அடித்தான். வார்னிஷ் அடித்து முடிக்கவும் ஆற்றுப் பக்கமிருந்து மழை வரவும் சரியாக இருந்தது. வந்த மழை போகவே இல்லை. காற்றெல்லாம் ஈரம். வார்னிஷ் காயவும் இல்லை, காயப்போவதாகத் தெரியவும் இல்லை. கொசுக்கள் வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை.

சாந்தினியின் தலைமுடி காய வைக்கும் கருவியை எடுத்துவந்து சூடு காட்டினான். வார்னிஷ் அப்பம்போலக் கொப்புளித்துக்கொண்டு கிளம்பியது.

அப்போதுதான் மாமியாரே போன் செய்தார்.

"மாப்ள, நாங்க தங்காக் வந்து சேந்துட்டோம். நாளைக்கி பத்து பஹாட் டவுன்ல என் பழைய மாணவருங்க விழா வெச்சிருக்காங்க. நாந்தான் சிறப்பு விருந்தினர். காலைல கிராப் டாக்சி புடிச்சி நேரா உங்க வீட்டுக்கு வந்து கார எடுத்துக்கறோம்."

"வாங்க அத்தை" என்று லெட்சுமணன் வாய் சொன்னது. மற்ற உறுப்புகள் ஒத்துழைக்கவில்லை.

இனி மறைப்பது ஒன்றுதான் வழி. சாந்தினி கடைக்கு ஓடி, அடுப்படி அலமாரிகளில் ஒட்டும் மர நிற ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கிவந்தாள். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடும் லாகவத்தோடு கொப்புளம், கொசு எல்லாவற்றையும் சேர்த்து மூடினாள்.

தூரத்திலிருந்து பார்த்தால் மரம். கிட்டத்தில் பார்த்தால் சமையலறை.

"அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம கிட்டத்துல தெரியாது" என்று சாந்தினி தைரியம் சொன்னாள்.

மறுநாள் காலை டீச்சர் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார். பின்னால் ஜெயபாலன், கோயில் வாசலில் நிற்பவர்போல முகத்தைப் பவ்வியமாக வைத்துக்கொண்டு. டீச்சர் காரின் இடப்பக்கம் ஏறி அமர்ந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"என்னமோ வாசம் வருதே?"

"கார் வாசனை அத்தை. புதுசு."

"பேசவேண்டியத ஒருவாட்டி படிச்சுப் பாத்துக்கறேன். கண்ணாடிய இதுலதான் வெச்சிருந்தேன்" என்று டீச்சர் பெட்டி மூடியை இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். அது வார்னிஷில் ஒட்டிக்கொண்டிருந்தது. வகுப்பில் பலகை துடைத்த கைக்கு வலு குறையவில்லை. மூன்றாவது இழுப்பில் சர்ரென்று ஒரு சத்தம். ஸ்டிக்கரும் வார்னிஷும் மிச்சமிருந்த வால்நட் தோலும் ஒன்றாக உரிந்து, மசாலா தோசைபோலச் சுருண்டு டீச்சர் கைக்கு வந்தன. உள்ளே சில கொசுக்களும் இருந்தன.



"லெட்சுமணன்!" என்றார் டீச்சர். மாப்பிள்ளை என்பது போய்ப் பெயர் வந்துவிட்டது.

"உள்ளேன் டீச்சர்!" என்றான் அவன்.

"என்ன இது? நான் பினாங்கு போறதுக்கு முன்னால கடைசியா ஏறினப்போ இந்த மரம் எப்படி மின்னிச்சு தெரியுமா?"

"இல்ல அத்தை, இங்க வரும்போதே அது கொஞ்சம்..."

"விடு டீச்சர்!" என்று ஜெயபாலன் பாய்ந்து குறுக்கே வந்தார். மருமகனின் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். "சின்னப் பிள்ள. நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சிருக்கு. தப்பு பண்ணாதவங்க உலகத்துல யாரு? திட்டணும்னா என்னத் திட்டு. இங்க கொண்டாந்து விட்டது நாந்தானே?"

நரை விழுந்த அந்தச் சின்னப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் இந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தோமே! தெய்வம்! சொந்த அப்பாகூட இப்படி முன்னால் வந்து நின்றிருக்க மாட்டார்.

"மாமா..." என்றான்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மாப்ள. ஒண்ணுமே சொல்லாதீங்க" என்று ஜெயபாலன் அவன் முதுகைத் தட்டினார்.

சாந்தினிதான் யோசனை சொன்னாள். "தங்காக்ல அக்பர் பாய் இருக்காருல்ல? கார் உள்வேலைல அவர அடிச்சுக்க ஆளில்ல. விழா சாயங்காலந்தானே, இப்பவே போய்க் காட்டுவோம்."

"அங்க வேணாம்!" என்றார் ஜெயபாலன். "அவரு கடைய மூடிட்டாரு. மலாக்கா போலாம்."

"வர்ற வழியில பாத்தேன், தொறந்துதான் இருந்துச்சு. ஏறுங்க" என்றார் டீச்சர். அதற்குமேல் பேச்சில்லை.

லெட்சுமணன் ஓட்டினான். பின்சீட்டில் மாமனாருக்கு முதலில் தலைவலி வந்தது. பிறகு வயிற்றுவலி. தங்காக் நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றாக வந்தன. கடை வாசலில் கார் நின்றதும் அவர் சீட்டில் சரிந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தனக்காக இந்த மனிதர் எவ்வளவு வேதனைப்படுகிறார் என்று லெட்சுமணனுக்கு நெஞ்சு உருகியது.

அக்பர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முன்கதவைத் திறந்து உரிந்த மூடியைத் தொட்டுப் பார்த்தார். ஊதாச் சாயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு கொசுவை எடுத்துக் கீழே விட்டார். "அடடா, அடடா" என்று தலையை ஆட்டியவர், பின்சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, ஜெயபாலன் அண்ணே! மரத்துல பெயிண்ட் தின்னர ஊத்தித் தொடச்சி வெளுக்க வெச்சிட்டு, 'மருமகன் வீட்டுல விட்டாப் போதும் பாய், மிச்சத்த அவரு பாத்துக்குவாரு'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே, அவரு சரி பண்ணிருவாருன்னுல்ல நான் நெனச்சேன்!"