அண்டா மூடியும் சின்னவன் சொன்ன தகவலும்

மதிப்பும் அன்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் தங்கை, என் ரத்தக்கொதிப்பு மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படிக்குச் சம்மதிக்கிறதா, இல்லை இன்னும் உங்களோடு சண்டைதானா என்று அறிய ஆவல்.

முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் மருமகள் கைப்பேசியில் நான் பேசும் ஒரு படத்தைக் கொண்டுவந்து, "மாமா, பள்ளிக்கூடத்துல பேசறாரு பாருங்க" என்று நீட்டினால் தயவுசெய்து பார்க்காதீர்கள். இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் பாருங்கள். அதை முந்திக்கொள்ளத்தான் அடித்துப் பிடித்து எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை, போருக்குப் போய்வந்த யாரையாவது அழைத்துப் பிள்ளைகளிடம் பேசச் சொல்வார்கள். இந்த வருடம் அழைத்திருந்தது பின்தெரு மேஜரை. பாவம், அவருக்கு முதல்நாளே வயிறு கலக்கிக் கழிப்பறையை விட்டு வெளியே வரமுடியாத நிலைமை. தலைமையாசிரியை அம்மா மூச்சிரைக்க நம் வீட்டுக்கு ஓடிவந்து, "சார், நீங்களும் பட்டாளத்துல இருந்தீங்களாமே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை, "இருந்தாரு, இருந்தாரு, கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஓய்வு பெற்ற நாளாக நான் வீட்டிலேயே கிடப்பதில் அவளுக்கு அவ்வளவு அலுப்பு. பெட்டியிலிருந்து பழைய சீருடையை எடுத்தாள். சட்டைக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் இரண்டும் எவ்வளவு இழுத்தும் சேர மறுத்ததால் உள்பக்கமாக ஒரு ஊக்கைக் குத்தி, "மூச்சை மட்டும் நல்லா இழுத்துடாதீங்க" என்று எச்சரித்தாள். அந்த ஊக்கைக் கண்காணிக்கத்தான் அவளும் கூடவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வராமல் இருந்திருக்கலாம் என்று அன்று மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை அம்மா என்னை அறிமுகப்படுத்த எழுந்தார். கையில் இருந்ததோ மேஜருக்காக எழுதிவைத்திருந்த தாள். "எதிரியின் மூன்று பீரங்கிகளைத் தனியொருவராகக் கைப்பற்றிய மாவீரர்" என்று வாசித்தார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. இரண்டு கையையும் உயர்த்தி "நான் இல்லீங்க, நான் இல்லீங்க" என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். மைக்கைப் பிடித்தால் அது ஒரு கத்துக் கத்திவிட்டுச் செத்துவிட்டது. எல்லோரும் அதன் தலையில் தட்டினார்கள். நான் குனிந்து கம்பியைத் தடவிக்கொண்டே போய், நாற்காலிக் கால் நசுக்கியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, பல்லால் தோலை உரித்து முறுக்கினேன். மைக் பேசியது. குனிந்ததில் ஊக்கு திறந்துகொண்டு தொப்புளுக்குப் பக்கத்தில் குத்தியது. நானும் பேசினேன், பிள்ளைகளுக்கு முன் பேசக்கூடாத ஒரு சொல்லை, மைக்கிலேயே. அந்த நாளில் அவர்கள் மனமாரச் சிரித்தது அதற்குத்தான்.

பிறகு கேள்விகள். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்றான் முன்வரிசைப் பையன். "யாரையும் இல்லப்பா. நான் டெலிபோன்ல இருந்தேன்." "அப்ப சண்டைக்கே போகலையா?" என்று பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். குண்டு விழும்போது கக்கூஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி, நானும் நியாயமாகவே பதில் சொன்னேன். கடைசியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண்பிள்ளை நோட்டும் கையுமாக எழுந்து, "தாத்தா, போன்ல பேசினதுல உங்களால மறக்கவே முடியாதது எது?" என்றாள்.

மச்சான், மேஜரைப் போல ஏதாவது பீரங்கிக் கதையை அவிழ்த்துவிட்டிருக்கலாம். வாய் கேட்கவில்லை. உங்கள் தம்பி, நம் சின்னவனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாற்பத்து மூன்று வருடமாக உங்கள் யாரிடமும் சொல்லாததை, இருநூறு பிள்ளைகளிடம், மைக்கில் சொல்லிவிட்டேன். ஓவிய ஆசிரியர் அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை மேட்டுக்குப் போகும் டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது. ஒட்டப் போனவன் சின்னவன். நான் பதுங்குகுழியில் ஸ்விட்ச்போர்டின் முன்னால். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது; கையோடு கொண்டுபோன போனை ஒட்டின கம்பியில் மாட்டிக் கூப்பிட்டான். "லைன் வந்துடுச்சா?" என்றான். "வந்துடுச்சுடா" என்றேன். "அப்பச் சரி. எனக்குத்தான் வயித்துல பட்டுடுச்சு" என்றான், குடையை எங்கோ மறந்துவிட்டு வந்தவன் சொல்வது போல. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வெளியே தலை நீட்ட வழியில்லை. ஆள் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். இருட்டின பிறகுதான் முடியும் என்றார்கள். அதனால் பேசிக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம். அவனுக்குத் தாகம். வலி வரும்போது பேச்சை நிறுத்துவான், நான் காத்திருப்பேன், திரும்ப ஆரம்பிப்பான்.

கடைசியில் உங்களைப் பற்றிச் சொன்னான். சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்ததற்காக நீங்கள் அவனை அறைந்ததும், "போனா இந்த வாசலை மிதிக்காதே" என்றதும், வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகாததும் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நீங்களும் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் அவன் சொன்னது வேறு. அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "எங்கண்ணன் வந்திருந்தாருடா. பார்சல் மூட்டைங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னாரு. செருப்பு மட்டும் தெரிஞ்சுது, சிவப்பு நூல் போட்டுத் தச்ச செருப்பு. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன். பாத்திருந்தா வண்டிய விட்டு இறங்கியிருப்பேன். நீ போய்ச் சொல்லு. பாத்துட்டேன்னு சொல்லு."

அந்த நேரம் பார்த்துக் கேப்டனின் மணி அடித்தது. போர்டுக்கு நான் ஒரே ஆள், காதுக்கும் ஒரே கருவி. "ஒரு நிமிஷம் இருடா" என்றேன். "இருக்கேன், எங்க போகப்போறேன்" என்றான். கேப்டனுக்கு என்ன தலைபோகிற விஷயம் என்று நினைக்கிறீர்கள்? சாப்பாட்டு அண்டா மூடியில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறதாம். மூடி எங்கே என்று சமையல்காரனைக் கேட்க வேண்டுமாம். அதற்கு ஒரு கம்பியைச் செருகி, இன்னொன்றைப் பிடுங்கி, அவன் இவனைத் திட்ட, இவன் அவனைக் குறைசொல்ல, மூன்று நிமிஷம் போய்விட்டது. திரும்பிச் செருகி "சொல்லுடா" என்றேன். காற்றுச் சத்தம்தான் கேட்டது. லைன் நன்றாக இருந்தது, மச்சான். அவன் ஒட்டியது அவ்வளவு சுத்தமான ஒட்டு. இருட்டும்வரை செருகிச் செருகிக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "வலிச்சுதாப்பா?" அந்த முகத்தைப் பார்த்து, "இல்லம்மா. பட்டதும் போயிட்டான், அவனுக்கே தெரியாது" என்றேன். அதைச் சொன்ன பிறகு அவன் தகவலை எப்படிச் சொல்வது? பட்டதும் போனவன் எப்படி முக்கால் மணி நேரம் பேசியிருப்பான்? அம்மா இருக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அம்மா போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்களே என்று இருந்தேன்.

பேசி முடித்தபோது கூடத்தில் யாரும் தட்டவில்லை. வாசலில் அந்தக் கண்ணாடிப் பெண் என்னை மறித்து, "அந்த அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா தாத்தா?" என்றாள். "இல்லம்மா." "அவர் இருக்காரா?" "இருக்காரு." நோட்டில் ஏதோ எழுதப் போனவள் எழுதாமல் மூடிக்கொண்டாள்.

உங்கள் தங்கை வீட்டுக்கு வந்து, சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றும்போதுதான் அழுதாள். அப்புறம், "அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றாள். டெலிபோனைக் கொண்டுவந்து வைத்தாள். போனில் என்னால் முடியாது என்றேன். தாளையும் பேனாவையும் கொண்டுவந்தாள்.

இதுதான் மச்சான். பொய் சொன்னதற்கும், அந்த மூன்று நிமிஷத்துக்கும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்.

பி.கு.: ஓவிய ஆசிரியர் இப்போதுதான் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறார். படம் பிடிக்கும்போது ஒலி போகும் சின்ன ஓட்டையை விரலால் மூடிக்கொண்டே பிடித்தாராம். படத்தில் என் வாய் அசைகிறது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆகவே நீங்கள் எதையும் தெரிந்துகொண்டிருக்க வழியே இல்லை. மேலே எழுதியது அத்தனையும் அநாவசியம். கிழித்துவிடலாமா என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். அவள் உறையில் தபால்தலையை ஒட்டினாள். அதைக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒட்டியாகிவிட்டது, மச்சான். இனி நீங்கள் படித்துத்தான் ஆகவேண்டும்.