முதல் வகுப்புக்கு ஒரு வண்டி மணல்

இருபத்தொரு வயதில் எனக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஒன்று, வகுப்பறையை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று என்னைப்போல் அறிந்தவன் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. இன்னொன்று, என் தமிழ்க் காது ஒருநாளும் தப்பாது. இரண்டும் ஒரே காலைப்பொழுதில், ஒரு டெபுடி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நொறுங்கிப்போயின. மறைத்துப் பயனில்லை. எங்கள் வீட்டில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

நான் பொன்னமராவதிப் பக்கத்து ஆள். அப்பாவுக்கு விவசாயம். எனக்குக் கண்மாய் தெரியும், வயல் தெரியும், கடல் மட்டும் படத்தில்தான் தெரியும். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு கிடைத்த முதல் உத்தியோகம் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூரில். இன்றைக்கு எல்லாம் ஒரே மாவட்டம். அன்றைக்கு எங்கள் ஊர் சமஸ்தானம், அது வெள்ளைக்காரன் சீமை. (அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டபோது கப்பல் ஏற்றிவிடுகிறவர் மாதிரிதான் நின்றார்.)

பள்ளிக்கூடம் என்பது மண்சுவர் வைத்த ஒரு நீளமான ஓலைக் கொட்டகை. நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய வகுப்புகள். தலைமை ஆசிரியர் மஸ்தான் சார் பார்த்துக்கொள்வார். அந்த ஊர்க்காரர், ஐம்பது வயது, எதற்கும் பதறாத மனிதர். இந்தப் பக்கம் முதல் வகுப்பு. அது என் ராஜ்ஜியம். ராஜ்ஜியத்தில் குடிமக்கள்தான் இல்லை. பதிவேட்டில் பன்னிரண்டு பேர், வழக்கமாக வருவது ஏழு பேர்.

"தம்பி, ஒரு விஷயம்" என்றார் மஸ்தான் சார், நான் போய்ச் சேர்ந்த அன்றே. "வார திங்கக்கிழமை, பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னைக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வாராரு. முதல் வகுப்புல இருபத்தஞ்சு பிள்ளை இல்லேன்னா ரெண்டாவது வாத்தியார் வேலையை எடுத்துருவாங்க."

"ரெண்டாவது வாத்தியார் யாரு சார்?"

"நீங்கதான்."

அன்று முதல் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கடற்கரைப் பிள்ளைகள் ஒரு பட்டாளமே இருந்தது. காலையில் வலை இழுக்கும் இடத்தில் நிற்பார்கள், மற்ற நேரமெல்லாம் மணலில் உருளுவார்கள். மீன் விற்கும் முத்துராக்கு என்ற அம்மாள்தான் அந்தத் தெருவுக்கு வாய். அவருடைய மகள் சிவகாமிக்கு ஆறு வயது. அவள் போகிற இடத்துக்கெல்லாம் மற்ற பிள்ளைகளும் போகும். அவளை மட்டும் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். முத்துராக்கு மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரே, நான் ஒண்ணும் தடுக்கலைங்க. ஒங்க பள்ளிக்கூடத்துக்குள்ள பார்க்கிறதுக்கு என்னதான் இருக்கு, இது அங்கிட்டு வாரதுக்கு?"

நியாயமான கேள்வி. ராத்தூக்கம் போயிற்று எனக்கு. பார்க்கிறதுக்கு ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதானே? ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வகுப்பறையை இந்திரலோகம் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசினேன். (மூன்று நாள் என் கை அந்த நிறத்திலேயே இருந்தது, அந்தக் கையில் யாரும் எனக்கு வெற்றிலைகூடக் கொடுக்கவில்லை.) பசு, யானை, கிளி என்று படங்கள் வரைந்து ஒட்டினேன். மஸ்தான் சார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு தம்பி. எது எதுன்னு கீழ எழுதிருங்க" என்றார். வாசலில், "இது கல்விக் கோயில். பாதரட்சையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று ஒரு அட்டை தொங்கவிட்டேன்.

மிச்சம் இருந்தது மணல். யுத்தகாலம், சிலேட்டும் கிடைக்காது, காகிதமும் கிடைக்காது. முதல் வகுப்பு என்றால் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதுதான். பயிற்சிப் பள்ளியில், "மணல் மென்மையாகவும் தூய்மையாகவும் ஈரப்பதத்துடனும் இருத்தல் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதிரே கடற்கரை முழுக்க மணல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிக்காரர் கருப்பையாவைக் கூப்பிட்டேன். அவர் வாய் நிறைய வெற்றிலையோடு கேட்டார்:

"தண்ணி ஓரமா அள்ளவா, மேட்டுல அள்ளவாங்க?"

"மேட்டு மணல் எப்படிண்ணே இருக்கும்?"

"மேட்டுலயா? அங்கிட்டுப் பூரா நண்டா இருக்குங்க."

அவர் சொன்னது இது. என் காதில் விழுந்தது, "அங்கிட்டுப் பூரா நன்றா இருக்குங்க." எனக்குப் புல்லரித்துப்போயிற்று. படித்தவர்களே 'நல்லாருக்கு' என்று கொச்சையாகப் பேசும் நாட்டில், ஒரு வண்டிக்காரர் 'நன்றா' என்கிறாரே என்று பூரித்துப்போனேன்.

"அப்படின்னா மேட்டுலேயே அள்ளுங்கண்ணே."

கருப்பையா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "வகுப்புக்குள்ளயாங்க கொட்டணும்?"

"ஆமா. ஒரு சாண் உயரத்துக்கு."

"ஒங்க இஷ்டமுங்க."

அந்தக் குரலில் இருந்த எச்சரிக்கையைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். மணல் வந்து இறங்கியது. பலகையால் சமப்படுத்தினேன். இருபத்தைந்து பிள்ளைகள் உட்கார வேண்டிய இருபத்தைந்து இடத்திலும் முத்து முத்தாக 'அ' எழுதினேன். கதவைப் பூட்டும்போது, பிரம்மா உலகத்தைப் படைத்துவிட்டுக் கை கழுவியபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலை டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். மூடிய கோட்டு, பஞ்சகச்சம், தலைப்பாகை. பல்லைக் காட்டாத முகம். என் அட்டையைப் படித்துவிட்டு ஜோட்டைக் கழற்றினார். (அதைக் கழற்ற வைத்த பாவம் என்னுடையது.) நான் கதவைத் திறந்தேன்.

என்னுடைய 'அ' ஒன்றுகூட இல்லை. மணல் முழுக்கக் குழி. குழிக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டி மேடு. இடையில் கோடு கோடாக என்னென்னவோ கிறுக்கல். உழுது போட்ட புஞ்சை மாதிரி கிடந்தது என் இந்திரலோகம்.

"இதுதான் நீங்கள் செய்த தயாரிப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காற்று சார்."

"கதவு பூட்டியிருந்ததே?"

"ஓலைக் கூரை சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். வந்திருந்த ஏழு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். 'ஏழு' என்று அவர் எழுதுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேலை போயிற்று என்று மனசுக்குள் மூட்டை கட்டிக்கொண்டே, மண்டியிட்டு, விரலை மணலில் நன்றாக ஊன்றி, மறுபடியும் 'அ' எழுதத் தொடங்கினேன். சுழித்துக் கீழே இறங்கும் இடத்தில், உள்ளேயிருந்து யாரோ என் விரலைப் பிடித்துக்கொண்டார்கள்.

வயல் நண்டு நான் பார்த்தவன்தான். அது நம்மைக் கண்டால் நின்று யோசித்து, மரியாதையாக வளைக்குள் போகும். இது அந்த ஜாதியில்லை. மணல் நிறம், குச்சிமேல் வைத்த மாதிரி இரண்டு கண், என் விரலை விடுகிற உத்தேசமே இல்லை. அடுத்த கணம் நான் மேசைமேல் நின்றேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. வருகைப் பதிவேடு மட்டும் இடது கையில் பத்திரமாக இருந்தது. வலது கையை உதறினேன். நண்டு பறந்து போய் இன்ஸ்பெக்டரின் காலடியில் விழுந்தது. விழுந்தது சும்மா இருக்காமல் பஞ்சகச்சத்தைப் பிடித்து ஏறத் தொடங்கியது.

நான் போட்ட சத்தத்தில் மற்றதுகளும் விழித்துக்கொண்டன. குழிக்குக் குழி ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு மொத்தமாக வெளியே வந்து, பக்கவாட்டில், மின்னல் வேகத்தில் வகுப்பை அளந்தன. இன்ஸ்பெக்டர் நாற்காலிமேல் ஏறினார். அதற்கு ஒரு கால் குட்டை, ஆடியது. அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் பிடித்து மேசைமேல் இழுத்துக்கொண்டேன். அதிகாரியும் ஊழியனும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நின்றோம். கல்வி இலாகாவில் அதற்கு முன் அப்படி ஓர் ஒற்றுமை இருந்திருக்காது.

மஸ்தான் சார் மட்டும் வெறுங்காலோடு மணலில் நின்றுகொண்டிருந்தார். "மேட்டு மணலா தம்பி?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஜன்னலில் சிவகாமியின் தலை தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள்.

"வாத்தியாரே, இதுகளப் புடிக்கலாமா?"

"புடி தாயி. எல்லாரையும் உள்ள வரச் சொல்லு."

ஒரு வாரமாக நான் விடுத்த அழைப்புகளில் உண்மையாகவே மனசிலிருந்து வந்தது அதுதான். அவள் கடற்கரைப் பக்கம் திரும்பி ஒரே ஒரு குரல் கொடுத்தாள். வாசல் வழியாகச் சிலர், ஜன்னல் வழியாகச் சிலர், தட்டிக்கு அடியில் புகுந்து சிலர் என்று பட்டாளம் முழுக்க என் வகுப்புக்குள் வந்து விழுந்தது. ஒரு காலால் வழிமறித்து, மறு பக்கம் கையைக் கொடுத்து, நண்டுகளை முதுகைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த லாவகம் எங்கள் பயிற்சிப் பள்ளியில் யாருக்கும் வராது.

இந்த இடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, என் மூளை வேலை செய்தது. பதிவேட்டை விரித்தேன்.

"நண்டு புடிச்சவங்க எல்லாரும் அப்படியே உக்காருங்க. பேர் சொன்னாத்தான் நண்டு வீட்டுக்குப் போகும்."

ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்தார்கள். மேசைமேல் நின்றபடியே கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரும் தலையை எண்ணினார். முப்பத்தொன்று. அவர் இரண்டாம் தடவையும் எண்ணினார். அப்போதும் முப்பத்தொன்று.

இறங்கிய பிறகு அவர் பார்வையாளர் புத்தகத்தில் எழுதியதை மஸ்தான் சார் எனக்குப் படித்துக் காட்டினார். "முதல் வகுப்பில் ஆஜர், முப்பத்தொன்று. நண்டுகள் நீங்கலாக." எழுதியவர் முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை. ஜோட்டை மாட்டும்போது மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை நான் வரும்போதும் இவ்வளவு பேர் இருக்க வேண்டும்."

அங்கேதான் இருந்தது சிக்கல். நண்டெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. நாளைக்கு எதைக் காட்டி உட்கார வைப்பது?

மறுநாள் முத்துராக்குவே வந்து நின்றார். பின்னால் சிவகாமி. அவளுக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு கொட்டாங்கச்சி.

"நேத்துக் கொண்டாந்தது ரசத்துக்கு ஆச்சுங்க" என்றார். "இன்னைக்கு நண்டு இருக்காதேன்னு, இதுகளே ஆளுக்கு ஒண்ணு புடிச்சு எடுத்தாருதுக. வாத்தியாருக்குப் பயம் தெளியணுமாம்."

முப்பத்தொரு நண்டோடு முப்பத்தொரு பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன்? கணக்கு ஆரம்பித்தேன். ஒரு நண்டுக்கு எத்தனை கால்? பத்து என்றேன். சிவகாமி எழுந்து, "எட்டுத்தான். முன்னால இருக்கிறது ரெண்டும் கை" என்றாள். அன்று முழுக்க இந்த வழக்குத்தான் நடந்தது. எட்டும் இரண்டும் பத்து என்று தீர்ப்பு ஆவதற்குள் வகுப்பு முழுக்கக் கூட்டல் கற்றுக்கொண்டது. எழுத்திலும் 'அ'வை ஒத்திப் போட்டுவிட்டு 'ந'வில் தொடங்கினோம். (சட்டப்படி அது தப்பு. மஸ்தான் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

கார்த்திகை மாதம் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். முப்பத்துநான்கு பேர் இருந்தார்கள். சிவகாமி எட்டாம் வாய்ப்பாட்டை ஒரு மூச்சில் ஒப்பித்தாள். அவர் நோட்டை மூடிவிட்டு என் கையைக் குலுக்கினார். என் வேலை நிலைத்தது. முத்துராக்கு அன்று ஒரு பெரிய கொடுவா மீனைக் கொண்டுவந்தார். நான் சைவம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கி மஸ்தான் சார் வீட்டில் கொடுத்தேன்.

ஆனால் அந்த ஊரில் என் பெயர், நண்டு என் விரலைப் பிடித்த அன்றோடு போயிற்று. இரண்டு வருஷம் கழித்து நார்த்தாமலைப் பக்கமிருந்து பெண் கொடுக்க முன்வந்தார்கள். பெண்ணின் அண்ணன் என்னைப் பற்றி விசாரிக்க வந்து, என் பெயரைச் சொல்லித் தெருத்தெருவாகக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் முத்துராக்குவிடம் போய் நின்றிருக்கிறார்.

"நண்டு வாத்தியாரைக் கேக்குறீங்களா? தங்கமான மனுசருங்க. எங்க பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் கொடுத்தது அவருதான். ஒங்க தங்கச்சியத் தாராளமாக் கொடுக்கலாம். வீட்டுல ஒரு மேசை மட்டும் உசரமா இருந்தாப் போதும்."

அந்த அண்ணன் அதை ஏதோ படிப்பாளிக்கு வேண்டிய வசதி என்று புரிந்துகொண்டார். கல்யாணச் சீர்வரிசையில் அண்டா, குத்துவிளக்கு, பாய், எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு பேர் ஒரு தேக்கு மேசையைத் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த மஸ்தான் சார் பந்தியில் அதைப் பார்த்துப் புரையேறி இருமி, கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னதில், அந்தக் கதை அன்றே பெண் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மேசை இன்னும் இருக்கிறது. இதை எழுதுவதும் அதன்மேல்தான். வீட்டில் கரப்பான்பூச்சி, பல்லி எது தென்பட்டாலும் என் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுப்படியிலிருந்தே குரல் வரும்: "பிள்ளைகளா, மேசையில இருக்கிறதையெல்லாம் எடுங்க. அப்பா ஏற வாராங்க."