றப்பருக்குப் பூசிய எண்ணெய்

"நோகுதப்பா," என்றாள் மாக்கிறட்.

லோறன்ஸ் விலகிப் படுத்தான். பிள்ளைகள் கோயிலுக்கு ஞானோபதேசம் படிக்கப் போகும் ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் அவர்களுக்குத் தனிமை. மூன்றாவது பிரசவத்தில் மாக்கிறட் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று தாங்கமாட்டாள் என்று, லண்டனிலிருந்து கப்பலில் வந்த, கழுவிக் கழுவிப் பாவிக்கும் றப்பர் உறையை ஆசுப்பத்திரி அப்போதிக்கரி செல்வநாயகம் கொடுத்திருந்தார். ஆனால் அது காய்ந்து உரசியது.

எண்ணெய் பூசிய பொருள் கெடாது என்பது கடற்காரன் லோறன்ஸின் நம்பிக்கை. வருஷா வருஷம் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுகிறவன், அடுத்த ஞாயிறு உறைக்கும் பூசினான். நாற்றம் தாங்காமல் மாக்கிறட் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அதற்கடுத்த ஞாயிறு தேங்காய் எண்ணெய். ஆகா! ஓலை இடுக்கால் வெயில் பொட்டுப் பொட்டாய்ச் சொரிந்தது. கடற்காற்றில் வீடே மிதப்பதுபோல் இருந்தது. மாக்கிறட் கண்ணை மூடிச் சிரித்தாள், கலியாணம் முடித்த புதிதில் சிரித்த அதே சிரிப்பு. லோறன்ஸ் கண் திறந்து பார்த்தால், உறை கிழிந்திருந்தது. அவள் கண் திறக்குமுன் சுருட்டி ஒளித்தான்.

திங்கள் காலை செல்வநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்.

"எண்ணெய் றப்பரைத் தின்னும் ஐசே! வழுவழுப்பு வேணும்தான். காஞ்சாலும் உரசிக் கிழியும், மனிசிக்கும் நோகும். ஆனால் தண்ணியிலை கரையிற பசைதான் பூசவேணும். இந்தாரும்."

"கிழிஞ்சதுக்கு என்ன செய்யிறது, ஐயா?"

"அடுத்த தீட்டு வருதோ எண்டு பாத்துக்கொண்டிரும்."

அவளைக் கொன்றுவிட்டேனே என்று லோறன்ஸ் உள்ளுக்குள் அழுதான். பகலெல்லாம் கனவில் நடப்பவன்போல் நடந்தான். அவள் பக்கத்தில் படுக்கவே பயம். குடம் தூக்க விடவில்லை. தானே தண்ணீர் அள்ளினான், சோறு வடித்தான், சொதி வைத்தான். மடுக் கோயிலுக்கு நடந்தே வருவதாக மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தான்.

"என்ன, திடீரெண்டு இவ்வளவு அன்பு? ஆரவள்?" என்றாள் மாக்கிறட்.

"ஐயோ, ஒருத்தியுமில்லை!" என்று பதறினபோது மடியிலிருந்து பசைக் குப்பி விழுந்தது.

"இது ஆருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கெண்டால் ஏன் ஒளிக்கிறியள்?"

லோறன்ஸ் விளக்குமாற்றைத் தூக்கினான். அன்றிலிருந்து முற்றமும் கூட்டினான்.

ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் மருத்துவிச்சி பரமேஸ்வரியிடம் ஓடி, எல்லாவற்றையும் கொட்டி அழுதான்.

பரமேஸ்வரி ஆறுதலாக வெற்றிலையை மென்றாள்.

"அழாதை தம்பி. கிழிஞ்சது அவளுக்கு அண்டைக்கே தெரியும். தீட்டு வந்தும் இருபது நாளாச்சு. நீ வைக்கிற சொதி நல்லாயிருக்காம், அதுதான் உன்னட்டைச் சொல்லவேண்டாமெண்டவள்."